பாலங்கள் நிறைந்த ஊரிலே...

அமெரிக்கா போய்விட்டு வந்தவர்களிடம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "நயாகரா பார்த்தீங்களா?" என்பதுதான். பார்த்தேன். சுதந்திர தேவி சிலையையும் பார்த்தேன். ஆனால் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்த என் மனசில் இன்னும் நிற்பவை, சாதாரணமான ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு ஊன்றி வைத்திருந்த அட்டைகள்தான். அவற்றைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

2024 செப்டம்பரில், மகளின் முதல் பிரசவத்துக்காகப் பிட்ஸ்பர்க் நகருக்குப் போனேன். பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பக்கம் இருக்கிற ஊர். அலிகேனி, மொனாங்கஹேலா என்று இரண்டு ஆறுகள் ஊர் நடுவே ஒன்று சேர்ந்து ஒஹையோ ஆறாகப் போகின்றன. நம்ம பவானி கூடுதுறைதான் ஞாபகம் வந்தது! ஆறும் மேடும் பள்ளமுமாக இருப்பதால் எங்கே திரும்பினாலும் பாலம். மொத்தம் 446 பாலங்கள் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் அமெரிக்கா முழுமைக்கும் எஃகு வடித்துக் கொடுத்த ஊர். பென் ஹில்ஸ் பகுதியில், குன்றின் மேலே வெங்கடேசப் பெருமாள் கோவில்! 1970களிலேயே நம்மவர்கள் எழுப்பியது. அங்கே புளியோதரை சாப்பிட்டபோது, கடல் தாண்டி வந்திருக்கிறோம் என்பதே மறந்து போயிற்று.

மறுநாள் காலையில் தெருவில் நடக்கக் கிளம்பியபோதுதான் வேறு நாடு என்று தெரிந்தது.

வாசலில் ஒரு அட்டை

வரிசையாக வீடுகள். முன்னால் பச்சைப் பசேலென்று புல்தரை. மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறத் தொடங்கியிருந்தன. ஒரு வீட்டுப் புல்தரையில் 'டிரம்ப்' என்று அட்டை. அடுத்த வீட்டில் 'ஹாரிஸ்' என்று அட்டை. சில வீடுகளில் ஒன்றுமே இல்லை.

"அவங்க எந்தக் கட்சியும் இல்லையா?" என்று மகளிடம் கேட்டேன்.

"கட்சி இருக்கும்மா. வெளியில சொல்லப் பயம். அம்மா, நீ நடக்கப் போ, வேண்டாங்கலை. யார் பேசினாலும் குளிர் எப்படி, வெயில் எப்படின்னு மட்டும் பேசிட்டு வந்துடு. அரசியல் மட்டும் வேண்டாம்."

"நான் என்னடி பேசப் போறேன்? எனக்கு இங்கே ஓட்டா இருக்கு?"

"ஓட்டு இல்லேன்னாலும், உன் முகத்தைப் பார்த்தே நீ எந்தக் கட்சின்னு முடிவு பண்ணிடுவாங்க."

அவள் சொன்னபடியே நடந்தது. நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர், "நீங்க கமலாவின் அம்மா ஊரா?" என்றார் சிரித்துக்கொண்டே. கமலா ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். தாத்தாவின் பூர்வீகம் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம். "ஆமாம், எங்க ஊர்ப் பக்கம்தான்" என்றேன். அவ்வளவுதான், அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அடுத்த நாளிலிருந்து எதிர்ப்புறம் நடக்க ஆரம்பித்தார்!

அந்த நாட்டில் பெரிய கட்சிகள் இரண்டு. டிரம்பின் குடியரசுக் கட்சிக்கு யானை. ஹாரிஸின் ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை. 1870களில் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வரைந்த கேலிச் சித்திரங்களால் பரவிய சின்னங்கள் இவை. யானைக்குச் சிவப்பு, கழுதைக்கு நீலம் என்ற நிற வழக்கம் 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான் நிலைத்தது. அதிபரைத் தேர்ந்தெடுக்க மொத்தம் 538 வாக்காளர் இடங்கள். 270 கிடைத்தால் ஜெயம். பென்சில்வேனியாவுக்கு மட்டும் 19. இந்த மாநிலத்தில் அறுபது, எழுபது லட்சம் பேர் ஓட்டுப் போடுகிறார்கள். 2016ல் டிரம்ப் இங்கே ஜெயித்தது ஏறக்குறைய 44 ஆயிரம் ஓட்டில். 2020ல் பைடன் ஜெயித்தது சுமார் 80 ஆயிரம் ஓட்டில். அப்புறம் கேட்பானேன்! டிவியைப் போட்டால் ஒரு விளம்பரம் முடிந்து அடுத்த விளம்பரம், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு. சமையல் நிகழ்ச்சி பார்க்கலாம் என்று உட்கார்ந்தாலும் விடவில்லை.

ஒரு சாவியின் கதை

மகள் வீட்டுக்கு எதிரே, அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் ஓய்வு பெற்ற நர்ஸ். இன்னொன்றில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. நர்ஸ் அம்மாள் வாசலில் ஹாரிஸ் அட்டை. பஸ் அம்மாள் வாசலில் டிரம்ப் அட்டை.

மகள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் இருவரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்களாம். தோட்டத்துத் தக்காளி இங்கிருந்து அங்கே போகும், பூச்செடிப் பதியன் அங்கிருந்து இங்கே வரும். இவர் வீட்டுச் சாவி அவரிடம், அவர் வீட்டுச் சாவி இவரிடம். ஊருக்குப் போனால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே!

2020ல் கொரோனா வந்தது. நர்ஸ் அம்மாள் அப்போது வேலையில் இருந்தார். மூச்சுத் திணறிச் சாகிறவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். தெருவில் முகக்கவசம் இல்லாமல் நிற்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ் அம்மாளுக்கோ பள்ளிக்கூடம் மூடியதால் வேலை இல்லை. அவர் கணவர் நடத்திய சின்னக் கடையும் அந்த வருஷம் மூடியது, திறக்கவே இல்லை. "என் நோயாளிகள் செத்தது இவளுக்குப் பொருட்டில்லை" என்று ஒருத்தி. "என் வீட்டு அடுப்பு எரியாதது இவளுக்குப் பொருட்டில்லை" என்று இன்னொருத்தி. அதே வருஷம் தேர்தலும் வந்தது. இருவர் மனசிலும் இருந்த வருத்தத்துக்குக் கட்சிப் பெயர் கிடைத்துவிட்டது. ஒரு நாள் நர்ஸ் அம்மாள், பக்கத்து வீட்டுச் சாவியை ஒரு உறைக்குள் போட்டு, அவர்கள் வாசல்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

ஆப்பிள் தோட்டத்திலும், ஆஸ்பத்திரியிலும்

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அத்தை, வாங்க, ஆப்பிள் பறிக்கப் போகலாம்" என்று மாப்பிள்ளை வடக்கே பட்லர் பக்கம் அழைத்துப் போனார். ஐம்பது கிலோ மீட்டர் இருக்கும். வழியெல்லாம் சோளக்கொல்லை, சிவப்புக் களஞ்சியம், குன்று குன்றாய்ப் பரங்கிக்காய். பட்லர் என்ற பெயர் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். 2024 ஜூலை 13ஆம் தேதி, டிரம்பைக் குறிவைத்துச் சுட்ட ஊர் அதுதான். குண்டு அவர் காதைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கூட்டத்தில் இருந்த ஒருவர், மனைவியையும் மகள்களையும் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து உயிரை விட்டார். இன்னும் இரண்டு பேருக்குப் பலத்த காயம்.

தோட்டத்தில் காசு வாங்கிக்கொண்டிருந்த பெண்மணி, நான் வெளியூர் என்று தெரிந்ததும் மனசு விட்டுப் பேசினார். "எங்கப்பா ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலை பார்த்தார். 1986ல் மூடினாங்க. யாரும் எட்டிப் பார்க்கலை. இப்போ நகரத்துக்காரங்க டிவியில உட்கார்ந்துக்கிட்டு எங்களை 'விவரம் இல்லாத ஜனங்க'ன்னு கேலி பண்றாங்க. வேலை போனதைக்கூட மறந்துடலாம்மா, இந்தக் கேலியை மறக்க முடியலை."

அடுத்த வாரமே, மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போன இடத்தில் இன்னொரு கர்ப்பிணிப் பெண் பேச்சுக் கொடுத்தாள். 1973 முதல் நாடு முழுவதும் இருந்த கருக்கலைப்பு உரிமையை 2022ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டதல்லவா? அதற்கப்புறம் மாநிலத்துக்கு ஒரு சட்டம். "என் அக்கா டெக்சாஸில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவத்தில் ஏதாவது சிக்கல் வந்தால் டாக்டர் முதலில் அவளைப் பார்ப்பாரா, சட்டத்தைப் பார்ப்பாரா? அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை" என்றாள்.

இரண்டு பேரும் வேறு வேறு கட்சி. இரண்டு பேர் பேசியதும் தங்கள் வீட்டைப் பற்றி, பெற்றவரைப் பற்றி, உடன்பிறந்தவளைப் பற்றி. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி கேட்கத்தான் வாய்ப்பே இல்லை.

சம்பந்தம் செய்வீர்களா?

நம்மைப் போன்றவர்களுக்குப் பளிச்சென்று புரிகிற ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். 1960ல் அமெரிக்கர்களிடம், "உங்கள் பிள்ளையோ பெண்ணோ எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா?" என்று கேட்டார்கள். இரண்டு கட்சியிலும் 100க்கு 4, 5 பேர்தான் 'ஆமாம்' என்றார்கள். 2010ல் அதே மாதிரிக் கேள்விக்குக் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 'ஆமாம்' என்றார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கு!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்வதை 1958ல் 100க்கு 4 பேர்தான் ஏற்றார்கள். 2021ல் 94 பேர் ஏற்கிறார்கள். நிறம் என்ற பெரிய கதவைத் திறந்துவிட்ட ஜனங்கள், பக்கத்திலேயே கட்சி என்று இன்னொரு கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள்.

2022ல் பியூ ஆராய்ச்சி மையம் கேட்டபோது, குடியரசுக் கட்சிக்காரர்களில் 72 சதவிகிதம் பேரும், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 63 சதவிகிதம் பேரும், எதிர்க்கட்சிக்காரர்கள் மற்ற அமெரிக்கர்களைவிட ஒழுக்கம் குறைந்தவர்கள் என்றார்கள். 2016ல் இது 47, 35 ஆக இருந்தது. "அவன் கருத்து தப்பு" என்று சொன்ன காலம் போய், "அவன் ஆளே சரியில்லை" என்கிற காலம் வந்துவிட்டது.

எப்படி இப்படி ஆயிற்று? முன்பெல்லாம் இரண்டு கட்சியிலும் பழைமை விரும்பிகள் இருந்தார்கள், புதுமை விரும்பிகளும் இருந்தார்கள். 1964ல் கறுப்பின மக்களின் உரிமைக்கான சட்டம் வந்த பிறகு, தென் மாநில வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியரசுக் கட்சிக்கு நகர்ந்தார்கள். நகரத்துக்காரர்களும் அதிகம் படித்தவர்களும் பெரும்பாலும் மறுபக்கம் சேர்ந்தார்கள். சர்ச், படிப்பு, குடியிருக்கும் ஊர், கட்சி எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்துவிட்டன. பொது விஷயங்களில் இரு தரப்பையும் சொல்ல வேண்டும் என்று வானொலிக்கும் டிவிக்கும் ஒரு விதி இருந்தது. 1987ல் அதை எடுத்துவிட்டார்கள். 1996ல் ஃபாக்ஸ் நியூஸ், எம்.எஸ்.என்.பி.சி. என்ற செய்திச் சேனல்கள் தொடங்கின. போகப் போக ஒன்று ஒரு பக்கத்தாருக்கு, மற்றது மறு பக்கத்தாருக்கு என்று ஆயிற்று. அப்புறம் கைக்குள் ஃபோன் வந்தது. கோபத்தைக் கிளறும் செய்தியைத்தான் ஜனங்கள் விடாமல் பார்க்கிறார்கள். பார்க்கப் பார்க்க அதையே ஃபோன் மேலும் காட்டுகிறது.

உடம்பு சும்மா இருக்குமா? 2024ல் அமெரிக்க உளவியல் சங்கம் நடத்திய கணிப்பில், நாட்டின் எதிர்காலத்தை நினைத்தால் மன அழுத்தம் வருகிறது என்று 77 சதவிகிதம் பேர் சொன்னார்கள். பொருளாதாரக் கவலையைவிட இது அதிகம்! நர்ஸ் அம்மாள் இரவு முழுக்கச் செய்தி பார்ப்பார். காலையில் கண் சிவந்திருக்கும். பஸ் அம்மாளுக்கு ரத்த அழுத்தம். டாக்டர் மாத்திரையோடு, "டிவியைக் குறையுங்கள்" என்றும் எழுதிக் கொடுத்தாராம்.

பேத்தி பிறந்தாள்

அக்டோபர் கடைசியில் பேத்தி பிறந்தாள். நவம்பர் 5ஆம் தேதி தேர்தல். பென்சில்வேனியாவில் டிரம்ப் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கினார். நாடு முழுவதும் 312 இடங்கள் பெற்று அதிபர் ஆனார். மறுநாள் பஸ் அம்மாள் வீட்டுக் கொடி காற்றில் படபடத்தது. நர்ஸ் அம்மாள் வீட்டில் இரண்டு நாள் திரைச்சீலை விலகவில்லை. 2020ல் இது அப்படியே தலைகீழாக இருந்தது என்றாள் மகள்.

ஆனால் பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வரும் நல்ல வழக்கம் அங்கேயும் இருக்கிறது. நர்ஸ் அம்மாள் காய்கறியும் சீஸும் சேர்த்துச் சுட்ட ஒரு பெரிய தட்டுடன் வந்தார். பஸ் அம்மாள் ஆப்பிள் பை செய்துகொண்டு வந்தார். இருவரும் வாசலில் நின்று, அந்தப் பக்கத்து ஆள் உள்ளே இருக்கிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் மணியை அடிப்பார்கள்!

ஒரு மத்தியானம் இந்தக் கணக்குத் தப்பிப் போயிற்று. நர்ஸ் அம்மாள் உள்ளறையில் மகளுக்குப் பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பஸ் அம்மாள் வந்துவிட்டார். திரும்பிப் போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நின்றார். குழந்தை வீரிட்டு அழுதது. நான்கு பெற்றவராயிற்றே! கை தானாக நீண்டது. தோளில் போட்டு முதுகைத் தட்டினார். "தலையைத் தாங்கிக்கோ" என்றார் நர்ஸ் அம்மாள். "தாங்கித்தான் இருக்கேன்" என்றார் இவர். நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷம் குழந்தையின் வயிற்று வலியைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் பேசினார்கள். பிறகு ஒருவர் போனபின் ஒருவராகக் கிளம்பினார்கள். சாவி கைமாறியதா என்று கேட்காதீர்கள். இல்லை.

நவம்பர் நான்காவது வியாழக்கிழமை நன்றி சொல்லும் திருநாள். நம்ம பொங்கல் மாதிரி, எங்கே இருந்தாலும் பிள்ளைகள் பெற்றவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். 2016 தேர்தலுக்குப் பின் வந்த அந்தத் திருநாளில், வேறு வேறு கட்சிக்காரர்கள் கூடிய வீடுகளில் விருந்து 30 முதல் 50 நிமிஷம் வரை சுருங்கிப் போயிற்று என்று ஃபோன்களின் நடமாட்டத்தை வைத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2024ல் நர்ஸ் அம்மாளின் மகன் வரவே இல்லை. அவன் டிரம்ப் பக்கம். அம்மா பெரிய வான்கோழியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

தாம்பத்திய வைத்தியம்

இதற்கு வைத்தியமே இல்லையா என்றால், இருக்கிறது. 2016 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்தில் சவுத் லெபனான் என்ற சின்ன ஊரில் டிரம்புக்கு ஓட்டுப் போட்ட 10 பேரையும், ஹிலாரி கிளிண்டனுக்கு ஓட்டுப் போட்ட 11 பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று 'பிரேவர் ஏஞ்சல்ஸ்' என்ற பெயரில் நாடு முழுவதும் இயங்கும் அமைப்பு. அந்தக் கூட்டத்துக்கு முறை வகுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? பில் டோஹர்ட்டி என்ற குடும்ப ஆலோசகர்! விவாகரத்து வாசலில் நிற்கும் தம்பதிகளைப் பேச வைத்துப் பழகியவர். எதிராளியை மாற்றப் பார்க்கக் கூடாது. அவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். தன் பக்கத்தில் என்ன குறை என்றும் சொல்ல வேண்டும்.

இதில் நியாயம் இருக்கிறது. 2019ல் வந்த ஒரு ஆய்வின்படி, எதிர்க்கட்சியில் தீவிரக் கருத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று அமெரிக்கர்கள் நினைக்கிறார்களோ, உண்மையில் அதில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் அப்படி. பாதிப் பகை, பார்த்தே இராத ஆட்கள் மேல்!

மாவு பிசைந்த கை

2025 மார்ச்சில் விமானம் ஏற வாஷிங்டன் போகும் வழியில், கொஞ்சம் சுற்றிக்கொண்டு கெட்டிஸ்பர்க் போனோம். 1863 ஜூலை முதல் மூன்று நாட்கள், அடிமை முறை பற்றிய பிளவால் மூண்ட உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிய இடம். மூன்றே நாளில் இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்ந்து சுமார் 51 ஆயிரம் பேர். அன்றைக்கு அந்த ஊர் ஜனத்தொகையே 2,400தான்! இன்று அமைதியான புல்வெளியும் நினைவுக் கற்களுமாக இருக்கிறது. அதே வருஷம் நவம்பரில் லிங்கன் இரண்டு நிமிஷம் பேசியதும் இங்கேதான்.

பால்டிமோர் தெருவில் ஒரு செங்கல் வீடு. அங்கே ஜென்னி வேட் என்ற 20 வயதுப் பெண், பிள்ளை பெற்றிருந்த தன் அக்காவுக்குத் துணையாக இருக்க வந்திருந்தாள். ஜூலை 3ஆம் தேதி காலை, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு குண்டு இரண்டு கதவுகளைத் துளைத்துக்கொண்டு வந்து அவள் உயிரைக் குடித்தது. அந்தப் போரில் குண்டடிபட்டு அங்கேயே இறந்த ஊர்வாசி அவள் ஒருத்திதான். கதவில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. நானும் பிள்ளை பெற்ற வீட்டுக்குத் துணைக்கு வந்தவள்தானே! கையில் நாலு மாதப் பேத்தியோடு அங்கே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். 2025 ஏப்ரல் 13 விடியற்காலையில், பென்சில்வேனியா கவர்னர் ஜோஷ் ஷாபிரோவின் வீட்டுக்கு, குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் தீ வைத்தான். ஜூனில் மினசோட்டாவில் ஜனநாயகக் கட்சியின் மெலிசா ஹோர்ட்மனையும் கணவரையும் அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பரில் யூட்டாவில், டிரம்பை ஆதரித்த இளைஞர் தலைவர் சார்லி கர்க்கை மேடையில் சுட்டார்கள். இரண்டு சின்னக் குழந்தைகளுக்குத் தகப்பன். ஒவ்வொரு செய்தியின்போதும் அந்தக் கதவு ஓட்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது. யார் ஜெயித்தாலும் தோற்றாலும், குண்டு கடைசியில் வந்து நிற்பது ஏதோ ஒரு வீட்டின் அடுப்படியில்.

இப்போதும் வாரா வாரம் மகளோடு பேசுகிறேன். பேத்தியின் குறும்பையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "சாவி போச்சா?" என்பேன்.

"இன்னும் இல்லம்மா" என்பாள். ஆனால் போன குளிர்காலத்தில் ஒரு நாள், "ராத்திரி முழங்கால் அளவு பனி பெய்ஞ்சுதும்மா. விடியறதுக்குள்ள நர்ஸ் அம்மா வாசலை யாரோ சுத்தமா வழிச்சு வெச்சிருந்தாங்க" என்றாள்.

"யாருடி?"

"தெரியலை. ஆனா பஸ் அம்மா வீட்டுலேருந்து அங்கே வரைக்கும் கால் தடம் இருந்தது."